ஸ்ப்ரூஸ் தெரு நீல வீட்டில் குடியிருந்தவள்

பழைய சுரங்க ஊரான எங்கள் கல்வரை ஊர்க்காரர்போலவே சுற்றிப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களை வெர்னா ட்ரெகியர் பதினோரு ஆண்டுகள் அழைத்துச் சென்றாள். கொலராடோவின் தென்மேற்கு மூலையில் அந்த வேலைக்கு அவளைவிடத் தகுதியானவர் இல்லை. இங்கேயே பிறந்தவள். கல்யாணம், விவாகரத்து இரண்டையும் இங்கேயே முடித்துக்கொண்டவள். சொந்த வீடுதான் இல்லை. ஸ்ப்ரூஸ் தெரு நீல வீட்டில் வாடகைக்கு இருந்தாள்.

அந்த வீட்டை ஃபீனிக்ஸ்காரர் ராய்ஸ் பெட்டிகர் நேரில் பார்க்காமலேயே வாங்கியிருந்தார். வெர்னாவின் ஒப்பந்தம் மே கடைசியோடு முடிகிறது. அவர் வரும்போது பேசி, இன்னும் இரண்டு வருடம் வாங்கிவிடலாம் என்று நம்பியிருந்தாள். ஊருக்குள் வேறு வீடு கிடைக்காது. ஊர்க்காரர்போல வாழ ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லாமே வார வாடகைக்குப் போய்விட்டன.

தபால் நிலையத்துக்கு எதிரே எங்கள் இலவச அலமாரி இருக்கிறது. வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் பெட்டியில் அடங்காத உயர்ந்த ரக மேலங்கிகளை அதில் விட்டுப் போவார்கள். ஆகவே கல்வரில் நன்றாக உடுத்தியிருப்பவர் உள்ளூர்க்காரர். நாங்கள் வைக்கும் கிழிசலை வந்தவர்கள் ஆசையாக எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒட்டுப் போட்ட கோட்டு கண்ணில் பட்டால் நாங்கள் வழி சொல்லத் தயாராகிவிடுவோம்.

ஏப்ரலில், தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு வியாழக்கிழமை, வெர்னாவுடன் வந்தவர் ஒருவர்தான்: டாலஸில் பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற கார்ல்டன் வைஸ். அலமாரியிலிருந்து முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அது என்னுடையது.

"எப்படி இருக்கேன்?"

"சுரங்கத்துல இருந்து இப்பத்தான் ஏறி வந்த மாதிரி," என்றாள் வெர்னா. "பல்லை மட்டும் காட்டாதீங்க."

சுற்றி முடிந்ததும் வழக்கம்போலத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், பச்சை மிளகாய் போட்ட பன்றிக்கறிக் குழம்பு கொடுத்தாள். கார்ல்டன் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தார். யாரோ விட்டுப்போன வெள்ளி நிற மேலங்கியில் வெர்னா பக்கத்தில் நின்றாள். அப்போது ராய்ஸ் பெட்டிகர் காரிலிருந்து இறங்கித் தன் பெயரைச் சொன்னார். எதிர்வீட்டு முற்றத்தில் மழைமானி பார்க்க நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"முதல்ல ஒரு கிண்ணம் சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்," என்று வெர்னா உள்ளே போனாள்.

ராய்ஸ் கார்ல்டனிடம் திரும்பினார். "நீங்கதானே இங்க குடியிருக்கிறது?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் கார்ல்டனின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தாலே தெரியுதா?" என்றார்.

"கோட்டே சொல்லுதே. விருந்தாளிங்களை வேற வச்சிருக்கீங்க போல. பரவாயில்ல. ஆனா ஜூன்ல இருந்து வார வாடகைக்கு விடலாம்னு இருக்கேன்."

"அதெல்லாம் வேணாங்க. நானே இருக்கேன். வாடகையை ரெண்டு மடங்கா தரேன்."

வெர்னா கிண்ணத்தோடு வெளியே வந்தபோது இருவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டை இவருக்கே கொடுத்துட்டேன்," என்றார் ராய்ஸ்.

"இவர் காலைலதான் ஊருக்கு வந்தார். இங்க குடியிருக்கிறது நான். ட்ரெகியர்."

ராய்ஸ் அவளுடைய மேலங்கியைக் கழுத்திலிருந்து கீழ்வரை பார்த்தார். அதன் விலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்படின்னா உங்களுக்கு வேற வீடு பிடிக்கிறதுல ஒரு சிரமமும் இருக்காதே, மேடம்."

"இது இனாமா எடுத்ததுங்க."

ராய்ஸ் நல்ல நகைச்சுவை என்று சிரித்தார். குழம்பை வாங்கிச் சாப்பிட்டு, பிரமாதம் என்றும் சொன்னார்.

"எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு, வெர்னா," என்றார் கார்ல்டன். "நீங்க எப்ப வேணா வந்து போகலாம்."

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

ஜூனில் வெர்னா பள்ளத்தாக்கின் கீழே, ஒரு மணி நேரம் தள்ளி, சக்கரம் வைத்த வண்டிவீடு ஒன்றுக்குக் குடிபோனாள். ஊருக்குள் வசிப்பவர்தான் வழிகாட்டலாம் என்பது எங்கள் நகராட்சியின் விதி. வெளியாட்கள் பிழைப்பைப் பறிக்கக் கூடாதென்று நாங்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. ஆகவே அந்த வேலையும் கார்ல்டனுக்குப் போயிற்று. வெர்னா சொன்னதையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தார். நன்றாகத்தான் செய்தார்.

நவம்பரில் முதல் பெரும்பனி விழுந்ததும் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். "கூரை ஏதோ சத்தம் போடுது. பனியைத் தள்ள யாராவது கிடைப்பாங்களா?"

"நானே வரேன். வேற யாராவது ஏறினா தகரத்தைப் பெயர்த்துடுவாங்க."

மறுநாள் அவள் கூரைமேல் நின்று பனியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, கார்ல்டன் ஆறு பேரை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒரு பெண் அண்ணாந்து படம் எடுத்தாள்.

"அவங்க இந்த ஊர்தானே?"

"இல்லைங்க," என்றார் கார்ல்டன். "கீழ இருந்து வேலைக்கு வர்றாங்க."

மேலே மண்வாரியின் சத்தம் நின்றது. வெர்னா கூரை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்தது பெருசு."

ஆறு பேரும் தள்ளி நின்றார்கள். கார்ல்டன் மட்டும், தன் வீட்டு வாசல் என்பதால், நகரவில்லை.