ஊர்ல தெரிஞ்சவரு

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாச வெயிலில், ஆரணியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். நான், என் கணவர், ஆறு வயசு மகள். எங்களுக்குப் படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். எனக்குச் செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஆரணி வரைக்கும்தான் வரும். காலை ஷிப்டுக்கு அந்த பஸ்ஸைப் பிடிக்க, கணவர் என்னை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு விடியறதுக்கு முன்னாலேயே ஊரிலிருந்து கிளம்புவார். ஒரு மழை நாளில் வண்டி சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். ஒன்று வேலையை விடணும், இல்லை ஊரை விடணும் என்று ஆகிவிட்டது. கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவருக்கும் ஆரணி என்றால் வேலைக்கு வசதி. மகளை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம். ஊரை விடுவது என்று ஒரே நாளில் முடிவு செய்துவிட்டோம். வீடுதான் கிடைக்கவில்லை.

நாங்கள் ஒன்றும் பெரிசாக ஆசைப்படவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரம், பக்கத்தில் பள்ளிக்கூடம், தனி பாத்ரூம், எங்கள் இரண்டு பேர் வருமானத்துக்குள் அடங்குகிற வாடகை. அப்படிப்பட்ட வீடுகள் இருக்கத்தான் செய்தன. ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுத் தரகர் தன் வண்டியில் முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம். வீட்டைத் திறந்து காட்டுவார்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று சொல்வார்கள். மகளிடம் பேர் கேட்பார்கள். அப்புறம், "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" என்று வரும். எங்கள் ஜனங்கள் இருக்கிற பகுதிக்கு ஊரில் காலனி என்று பேர். அதைச் சொன்னதும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க கேட்டுகினு இருக்காங்க, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அதோடு அந்த வீடு முடிந்தது.

அப்படி எட்டு வீடு. எட்டாவது வீட்டிலிருந்து திரும்பும்போது மகள், "அவங்க சொந்தக்காரங்க நிறைய பேராம்மா?" என்று கேட்டாள். கணவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

ஒன்பதாவது, ஒரு பட்டுத்தறிக்காரர் வீட்டு மாடி. கீழே முன்னறையில் இரண்டு தறி. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நெய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு மகள்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மாடி ஒரே அறை, ஒரு சமையல்கட்டு, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். "காலைலேர்ந்து தறி சத்தம் கேட்டுகினே இருக்கும். முன்ன இருந்தவங்க மூணு மாசத்துல பூட்டாங்க. உங்களுக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஷூ கம்பெனி மெஷின் சத்தத்துக்கு முன்னால் இது தாலாட்டு என்றேன். அவர் சிரித்தார்.

"எந்த ஊரும்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். வேலூர்ப் பக்கம் என்று ஓர் ஊரைச் சொன்னேன். கேட்காமலேயே எங்களுடையது அல்லாத ஒரு ஜாதியின் பேரையும் சேர்த்துச் சொன்னேன். தரகர் வெளியே தெருவில் போன் பேசிக்கொண்டிருந்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் பால் காய்ச்சிக் குடிபோனோம்.

அந்த மாடியில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். காலையில் தெருவின் நீளத்துக்குத் தறிக்கான பட்டு நூல் பாவு விரித்து, இழை இழையாகச் சரி பண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் மாம்பழ நிறம், ஒரு நாள் ராமர் பச்சை. மகள் தாண்டிவிடாமல் ஓரமாக நடந்து பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் வந்ததும் பை நேராகத் தறி அறைக்குப் போய்விடும். நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த அந்த அம்மா, நூல் சுற்றிக்கொண்டே அவளை வீட்டுப்பாடம் எழுத வைப்பார். நான் ஷிப்டு முடிந்து வருவதற்குள் அவள் கீழேயே சாப்பிட்டிருப்பாள்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்துகொண்டே இருந்தது. கருவாடு வாங்குவதை நிறுத்தினேன். எங்கள் வீடுகளில் மாட்டி வைக்கிற தலைவர் படத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஊரிலிருந்து யாரும் வரவேண்டாம், நாங்களே வந்து பார்க்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது என்ன பொய் சொல்லி வீடு பிடித்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா காட்டு வேலை, கூலி வேலை என்று என்னைப் படிக்க வைத்தவர். போனில் முதலில் பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார். அப்புறம், "சரி கண்ணு, நீ நல்லா இருந்தா போதும்" என்றார்.

எட்டு மாசம் போயிருக்கும். எனக்கு டைபாய்டு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்ததெல்லாம் அக்காதான். காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாட ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கணவர் வேலைக்குப் போயிருந்தார். கீழே அப்பாவின் குரல் கேட்டது.

பாதிப் படி இறங்கி நின்றேன். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். தோளில் போடுகிற துண்டு கையில் இருந்தது. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தார். காலடியில் ஒரு பை நிறைய வேர்க்கடலை.

"கடலை குடுக்க வந்தேன்றாரும்மா. யாரு இவரு?" என்றார் அக்கா.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு எங்க பக்கம்தாங்க. அவங்க வூட்ல குடுத்தனுப்புனாங்க."

"ஆமாக்கா, ஊர்ல தெரிஞ்சவரு" என்றேன் நான்.

எனக்குப் பின்னாலிருந்து மகள் ஓடப் பார்த்தாள். அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னார் அக்கா. அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். சொம்பில் தண்ணீர் கொடுத்ததும், உதட்டில் படாமல் தூக்கிக் குடித்துவிட்டு வைத்தார். மழை பெய்தால் கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். தெருமுனையில் திரும்பும்போதும் பார்க்கவில்லை.

மேலே வந்ததும் மகள் கேட்டாள். "ஏம்மா, தாத்தா இனிமே நம்ம தாத்தா இல்லையா?"

அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. கணவர் வந்ததும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அக்கா மேலே வந்தார். அவர் மேலே வருவது அபூர்வம். தரையில் உட்கார்ந்து, முறத்தில் காய வைத்திருந்த கடலையில் ஒன்றை எடுத்து உரித்தார்.

"உங்கப்பா பத்திரமா ஊரு போயி சேந்தாராம்மா?" என்றார்.

உங்கப்பா என்றே கேட்டுவிட்டார். அவரே பேசினார். "நீ எறங்கி வர்றதுக்கு முன்ன எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? காய்ச்சல் வுட்டுடுச்சான்னாரு. கஞ்சி குடிக்குதான்னாரு. ஒரு வாரம் வேலைக்குப் போவாம பாத்துக்கங்கன்னாரு. கடல குடுத்துட்டுப் போறவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

நான் அழுதுவிட்டேன். ஊர், ஜாதி, சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுகிறோம் என்றேன்.

"தெரியும்" என்றார். நாங்கள் வீடு பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே தரகர் போன் பண்ணி எல்லாம் சொல்லிவிட்டாராம்.

தெரிந்துமா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் பெரிய நியாயமெல்லாம் பேசவில்லை. "சும்மா சொல்ல மாட்டேம்மா. எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வச்சிகினு இருந்தாரு. வூடு சும்மா கெடக்குது, சத்தத்துக்குப் பயந்துகினு எவனும் வரல, இவங்களாவது வரட்டும்னு நான்தான் சொன்னேன். எனக்கும் மனசுல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீ டீ குடுத்தப்பல்லாம் விரதம்னு சொன்னேனே, அதெல்லாம் விரதம் இல்ல."

அதை நானும் கவனித்திருந்தேன். இவ்வளவு பக்தியா என்று நினைத்துக்கொண்டேன்.

"உம்பொண்ணு எங்க தட்டுல சாப்புட்டுகினு எங்கூடவே கெடக்குது. நான் உங்கையால டீ வாங்காம இருக்கறது எனக்கே அசிங்கமா பூடுச்சு. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நீ பயந்தது தப்பு இல்ல. பயப்பட வச்சது நாங்கதான். ஆனா பெத்தவர அப்படி நிக்க வச்சு அனுப்பிட்டியேம்மா."

அன்று நான் போட்ட டீயை அவர் குடித்தார். சர்க்கரை அதிகமாகிவிட்டது. எத்தனை கரண்டி போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அப்பா வர மறுத்தார். கோபத்தில் இல்லை. "வேணாங் கண்ணு, உனக்கு வூடு போயிடும்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் கிளப்புவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்த வீட்டுக்கார அண்ணன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எட்டு மாசத்தில் எங்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். "செருப்ப உள்ள வுடுங்க. தெருவுல நாய் தூக்கிகினு பூடும்" என்றார். அப்புறம் ஒரு நாற்காலியைத் தறிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

இரண்டு பேரும் முதலில் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிணற்றில் தண்ணீர் எப்படி, கடலை விளைச்சல் எப்படி என்று ஆரம்பித்தது. என் மகள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வந்து போகிற எல்லோரிடமும் "இது எங்க தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்.

தெரு முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் எதிர்வீட்டில் எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த மாடியில் இன்னும் ஐந்து வருஷம் இருந்தோம். இப்போது ஊருக்கு வெளியே கடன் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டி வந்துவிட்டோம். வந்த புதிதில், தறிச் சத்தம் இல்லாத காலை வேளை எனக்கு என்னவோ போல இருந்தது. மகளுக்கு இன்னும் அந்த வேப்பமர ஜன்னல்தான் கனவில் வருகிறதாம். தீபாவளிக்கு முதல் பலகாரம் அக்கா வீட்டுக்குத்தான் போகிறது.

வாடகை கொடுத்துக் குடியிருப்பதற்கு இன்னொருவரின் நல்ல மனசு தேவைப்படக் கூடாது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அக்காவை நினைக்கும்போது மனசு நிறைந்துதான் போகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் கண் முன்னால் வருவது, நான் பொய் சொல்ல வேண்டிய கஷ்டம் கூட வேண்டாம் என்று தன்னைத் தானே யாரோவாக ஆக்கிக்கொண்ட என் அப்பாவின் முகம்தான். அப்பாவை அப்பா என்று கூப்பிட முடியாத வீடு எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும், எங்களுக்குக் கட்டுப்படியாகாத வீடு என்பதை அவர்தான் எனக்குப் புரிய வைத்தார், என்னை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லாமல்.