காருக்கு இடம் விட்ட ஜெனரேட்டர்

பிரேக் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முன்னால் போகும் லாரியோடு போய் ஒட்டிக்கொள்வதற்குள் அந்தக் கால் அழுத்திவிடும். வாயும் சும்மா இருக்காது. "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தில் யாரும் லைசென்ஸ் எடுத்ததில்லை. பெயரும் அப்படி வந்ததுதான்.

நாள் முழுக்க ஊரார் செய்யும் தப்புக்கெல்லாம் பிரேக் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே எதற்கும் பிரேக் இல்லாத மூன்று பேர். மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழே அவளுடைய கணவர். நான்காவது ஆள் அப்பா. அவரால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கிடையாது. அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவே.

அப்பா சிமென்ட் கிடங்கில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். தூசி உள்ளே போய் நுரையீரல் பாதிக்குமேல் கைவிட்டுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். கரண்ட் இருக்கிறவரை மெஷின் ஓடும். மெஷின் ஓடுகிறவரை அப்பா பேப்பர் படிப்பார், வெளியூரில் படிக்கும் பேத்திக்குப் போன் போடுவார். கடந்த மழையில் கரண்ட் போய் வரவே இல்லை. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து உயிரை விட்டது. ஆத்திர அவசரத்துக்கு என்று வைத்திருந்த சிலிண்டரும் காலி. பழகுநர் பலகை ஒட்டிய பயிற்சிக் காரில்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். எவனும் வழிவிடவில்லை. கற்றுக்கொள்கிறவள்தானே, மெதுவாக வரட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

"வீட்டுல ஒரு ஜெனரேட்டர் வச்சிருங்க. அடுத்த தடவை இங்க வந்து சேர்ற வரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

சரி, ஒரு ஜெனரேட்டர் வாங்குவதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பாவம்.

கடையில் விற்பனைக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்து, "எத்தனை ரூம் சார்?" என்றார். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால் கண்டுபிடிப்பார், வீட்டில் எத்தனை பிளக் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். "கீழ மூணு, மேல மூணு" என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்ப பதினஞ்சு கேவிஏ பவர் உள்ளதா எடுத்துக்கங்க சார். பின்னாடி இன்னொரு மாடி கட்டினாலும் கவலை இல்ல."

"ஏங்க, ரூமா கரண்ட் குடிக்குது?" என்று அக்கா குறுக்கே விழுந்தாள். "உள்ள என்ன ஓடுதுன்னு கேக்க மாட்டீங்களா?"

விற்பனைக்காரர் அப்போதும் கணவரைப் பார்த்துத்தான் சிரித்தார். கணவரும் பதிலுக்குச் சிரித்துவைத்தார். பிறகு, அந்தப் பச்சைக் கலர் நன்றாக இருக்கிறது என்றார்.

இன்னொரு கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வீட்டுக்கு வந்து பார்த்தார். வந்தவர் நேரத்துக்கு வரவில்லை, வந்த பிறகு போனைக் காதிலிருந்து இறக்கவுமில்லை. எப்படியோ அவரிடமிருந்து விஷயத்தைக் கறந்தாள். எந்த மோட்டாரும் ஓடும்போது இழுப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு கரண்டைக் கிளம்பும்போது இழுக்குமாம். தண்ணீர் மோட்டார், ஏசி, பிரிட்ஜ், அப்பாவின் மெஷின் எல்லாமே அந்த ஜாதி. கூட்டிப் பார்த்து வாங்குவது மட்டும் போதாது, அந்த இழுப்பையும் தாங்க வேண்டும். அதற்காகத் தேவைக்கு மீறிப் பெரிதாக வாங்கிப் போட்டாலும் வம்பு. லோடு இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் இஞ்சினுக்குள் கரி பிடித்துவிடும். இந்த வீட்டுக்குப் பத்து கேவிஏ சரியாக இருக்கும் என்றார்.

"எங்க வைக்கிறது?"

"ஜன்னலுக்குப் பக்கத்துல வேண்டாம், புகை உள்ள வரும். அந்தா, அந்த இடம் தோதா இருக்கு" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

அந்த இடத்தில் அண்ணனின் கார் நின்றுகொண்டிருந்தது. விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணன் அன்று சாயங்காலமே கீழே இறங்கி வந்தான். கார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "பத்து எல்லாம் எதுக்கு? நம்ம என்ன ஃபேக்டரியா நடத்துறோம்? அஞ்சு போதும். மாடிப்படிக்குக் கீழயே அடங்கிரும். கரண்ட் போனா ஆளுக்கொண்ணை அணைச்சிட்டா ஆச்சு. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"யாரு அட்ஜஸ்ட் பண்ணுவா?"

"எல்லாருந்தான்."

அண்ணி ஏசியை அணைத்துவிடுவதாகச் சொன்னாள். அண்ணன் தண்ணீர் மோட்டாரைத் தொடவே மாட்டானாம். கணவர் தன் பங்குக்கு வாஷிங் மெஷினை விட்டுக்கொடுத்தார். மூவரும் ஏதோ சொத்தையே தானமாக எழுதிக் கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியலறை லைட்டைக்கூட அணைக்கத் தெரியாத கூட்டம் இது. ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. படியில் நின்று அவள் கத்துவாள், மேலிருந்து அண்ணன் கத்துவான். நடுவில் அறைக்குள் அப்பா பேப்பரைப் பிடித்தபடி படுத்திருப்பார்.

"ஏம்மா, என்னால உங்களுக்குள்ள..." என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம இருங்கப்பா" என்று அவர் வாயை அடைத்தாள்.

கடைசியில் அண்ணனே ஒரு யோசனை சொன்னான். அஞ்சு கேவிஏ ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து ஓட்டிப் பார்த்துவிடலாம், தாங்கினால் அதையே வாங்குவது. அவள் ஒத்துக்கொண்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. "நான் வாயைத் திறக்க மாட்டேன். யாரையும் எதையும் அணைக்கச் சொல்ல மாட்டேன். நிஜமாவே கரண்ட் போன மாதிரி இருக்கட்டும். நீங்களா என்ன அட்ஜஸ்ட் பண்றீங்கன்னு பாக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெனரேட்டர் வந்தது. புகையும் சத்தமும் போகாமலிருக்க அப்பாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கணவர் மெயினை அணைத்தார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மாடி ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாஷிங் மெஷினுக்குள் துணி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இதெல்லாம் போதாதென்று, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அண்ணன் மோட்டாரையும் போட்டான். தொடவே மாட்டேன் என்றவன்!

ஜெனரேட்டர் முக்கியது. ஃபேன்கள் தளர்ந்தன. சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கிற்று. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்தான். ஆனால் ஆயுள் முழுக்கப் பிரேக் போட்டுப் பழகிய உடம்பு அது.

"இந்த வீட்டுல ஒருத்தராவது ஒரே ஒரு சுவிட்சையாவது அணைப்பீங்களா, மாட்டீங்களா!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் முக்கல் நின்றது. ஃபேன்கள் பழையபடி சுற்றின. ஜெனரேட்டர் சீராக ஓடியது.

அண்ணன் படியில் இறங்கி வந்தான். முகமெல்லாம் பல். "பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது. சொன்னா கேக்கணும்."

அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தோற்றதைவிட, இவனிடம் போய்த் தோற்றோமே என்றுதான் எரிச்சல். ஆனாலும் அண்ணி ஒருத்தியாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினாளே என்று ஓர் ஆறுதல். மாடியைப் பார்த்து, "பரவாயில்ல அண்ணி, சொன்ன மாதிரியே ஏசியை அணைச்சிட்டீங்க" என்றாள்.

"இன்னும் இல்லம்மா, இப்பதான் அணைக்கலாம்னு எழுந்தேன்" என்று ஜில்லென்ற அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணா, மோட்டாரை நிறுத்திட்டியா?"

"எதுக்கு நிறுத்தணும்? அதான் தாங்குதே."

கணவரைப் பார்த்தாள். அவர் வாஷிங் மெஷினைப் பார்த்தார். அது தடதடவென்று துணி பிழிந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அணைத்தது யார்?

கேள்வி மனசுக்குள் முழுதாக வருவதற்கு முன்பே அவள் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. கதவைத் தள்ளினாள். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாய் மூக்கில்தான் இருந்தது, மெஷினில் விளக்கு இல்லை. தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்கின. உதடு நிறம் மாறியிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"எல்லாம்... ஓடுதாம்மா?"

"அப்பா! யாருப்பா உங்களை அணைக்கச் சொன்னது?"

"நீதானே... யாராவது ஒண்ணு... கொஞ்ச நேரந்தானே... நான்... சமாளிச்சுக்குவேன்."

மூன்று பேர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதை, யாரும் கேட்காத இந்த மனிதர் ஒருவர்தான் செய்திருக்கிறார். அதுவும் அவள் குரலைக் கேட்டு. ஊரில் அத்தனை பேருக்கும் சரியான நேரத்தில் பிரேக் போட்டவள், இங்கே போய் அப்பாவின் மூச்சுக்கா போட்டோம் என்று இருந்தது. மெஷினின் சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் ஒருமுறை உறுமிற்று. வெளியே ஜெனரேட்டர் இருமியது, திணறியது, ஒரேயடியாக நின்றுவிட்டது. ஏசி, மோட்டார், துணி மெஷின் எல்லாம் ஒரே நொடியில் ஓய்ந்தன.

"மெயினைப் போடுங்க!" என்று அலறினாள். கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக எது எங்கே என்று கேட்காமல் ஓடினார். கரண்ட் வந்தது, மெஷின் கீச்சிட்டு ஓடத் தொடங்கியது. அவள் அப்பாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா இழுங்கப்பா. மெதுவா. அவசரமே இல்ல." அவர் இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிற்று.

அதற்குள் அண்ணன் விடுவிடுவென்று வந்து வாசற்படியில் நின்றான். ஜெயித்த ஆட்டம் கைநழுவிப் போன கோபம் அவனுக்கு.

"நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு! கீழ புதுசா என்னத்தப் போட்டே?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகிலிருந்து கையை எடுக்கவுமில்லை.

"புதுசா ஒண்ணும் போடல அண்ணா. அப்பா மூச்சு விட்டா உன் ஜெனரேட்டர் நின்னுபோகுது."