ஐஸ்கிறீம் வாங்கப் போன பிள்ளை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. கனடாவின் மிசிசாகா நகரில் வேலை முடிந்து காரில் ஏறி, சார்ஜ் இறங்கிக் கிடந்த கைபேசியைச் செருகினேன். மகளிடமிருந்து நாற்பத்தொரு அழைப்புகள். ஒரு குறுஞ்செய்தி: "திரும்பவும் என்னை விட்டிட்டுப் போட்டீங்கள்." நான் வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டை அடையுமுன் அவள் குளிசைகளை விழுங்கியிருந்தாள். கணவர் அம்புலன்ஸை அழைத்திருந்தார். உயிர் தப்பியது.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. கையில் கீறல்கள் முன்பும் இருந்தன. வேலைகளைத் திடீரென்று விடுவாள். நேற்றுக் கட்டியணைத்தவரை இன்று வெறுப்பாள். நாங்கள் அதை அவளுடைய குணம் என்று சொல்லிவந்தோம்.

ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்றார் (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் எழும், கைவிடப்படுவோம் என்ற அச்சம் விடாது). பிறவி இயல்பும் சிறுவயதுக் காயங்களும் சேர்ந்து இதை உண்டாக்கலாம் என்று விளக்கிவிட்டு, அவளுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டார். குறையில்லாமல் வளர்த்தோம் என்றார் கணவர். நானும் தலையாட்டினேன்.

மகள் சிரித்தாள். "அம்மா, அந்த ஐஸ்கிறீம் கதையைச் சொல்லுங்கோவன். டொக்டருக்குப் பிடிக்கும்."

சொன்னேன். அவளுக்கு ஐந்து வயதானபோது அவளை ஊரில் என் அக்காவிடம் விட்டு நானும் கணவரும் கனடாவுக்குப் புறப்பட்டோம். சொன்னால் பிள்ளை அழும் என்று சொல்லாமல் வெளிக்கிடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். அவளை அக்காவுடன் ஐஸ்கிறீம் வாங்க அனுப்பிவிட்டு, விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறினோம். அடுத்த மாதம் உன்னை இங்கே கூப்பிடுகிறோம் என்று தொலைபேசியில் நான்கு வருடம் சொன்னேன்.

அவள் அழும்போதெல்லாம் அக்காவின் கணவர் அறைக்குள் விட்டுப் பூட்டுவார். அக்கா அதை எனக்குச் சொல்லியிருந்தா. அவர்களைப் பகைத்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்று பேசாமல் இருந்தேன். அதையும் மருத்துவரிடம் சொன்னேன்.

எனக்குத் தெரிந்திருந்தது என்பது மகளுக்கு அன்றுதான் தெரியவந்தது. இனி வரவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம் என்று தாதியிடம் சொல்லியனுப்பினாள்.

பிறகு ஒரு சிநேகிதியுடன் தங்கி, இயங்கியல் நடத்தைச் சிகிச்சைக்குப் போனாள் (பொங்கும் உணர்ச்சி தணியும்வரை, தன்னைக் காயப்படுத்தாமல் அதைத் தாங்கப் பழக்கும் முறை). உறவினருக்கான வகுப்புக்கு நான் போனேன். அவள் உயிரோடிருக்கிறாள், சிகிச்சையை விடவில்லை என்பது மட்டும் சிநேகிதி மூலம் தெரிந்தது. என்னிடம் திரும்பி வருவாளா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் கேட்கும்போது குடும்ப மானத்தைக் காக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் உடனே நன்மை வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

ஏழு மாதங்கள் போயின. கைபேசி மேசையில் கிடக்கும்போதும் என் தொடையில் அது அதிர்வதுபோல் இருக்கும். ஒரு மாதம் எவ்வளவு நீளம் என்பதை ஐம்பத்தொரு வயதில்தான் அறிந்தேன்.

சென்ற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மகள். மெலிந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு உங்களோட இன்னும் கோவம்தான் அம்மா. ஆனா பசிக்குது."