சத்தம் வராத பை

என் கணவர் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். வாரம் முழுக்க விடியற்காலை ரயிலேறிப் போய் பெங்களூரில் காவலாளி வேலை பார்ப்பார். ஓய்வு நாளில், கூட வேலை செய்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பூதிகோட்டைக்கு அந்தப் பக்கமுள்ள குன்றுக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அது சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கறி வந்தால் மசாலா அரைப்பவள் நான்தான்.

சுமைதான் அவருக்குப் பெரிய தொல்லை. நைலான் வலை, அதைத் தரையில் அடித்து நிறுத்தும் இரும்பு முளைகள், சுத்தியல், தண்ணீர் எல்லாவற்றையும் கோணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவார். வரும்போது தோள் கன்றிப் போயிருக்கும்.

"தோளு போனா போவுதுடி. நடக்க நடக்க இந்த முளைங்க கலகலன்னுது. அது பன்னி காதுல உழுந்தா போதும், ஓடிப்பூடுது."

ஆண்டர்சன்பேட்டையில் பள்ளிக்கூடப் பை தைத்துப் பிழைக்கிறவள் நான். இதைக் கேட்ட பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. கெட்டியான கேன்வாஸில் ஒரு பை தைத்தேன். ஒவ்வொரு முளைக்கும் பழைய கம்பளியில் தனி உறை. தோள்வாருக்குள் ஸ்பாஞ்ச். ஜிப் கிறீச்சிடும் என்பதால் கட்டுவதற்கு நாடா. பாரம் இடுப்பில் உட்காரும்படி அகலமான பெல்ட். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் நந்திதுர்க் ஷாஃப்டில் இறங்கும்போது தலைவிளக்கின் பாட்டரியை அப்படித்தான் இடுப்பில் கட்டிக்கொள்வார்.

போன வருஷம் மழை விட்டதும், பை எப்படி உட்காருகிறது என்று பார்க்க நானும் காட்டுக்குப் போனேன். அவர் முன்னால் நடந்தார். உலோகச் சத்தம் ஒரு பொட்டுகூட இல்லை. பாதி வழியில் திரும்பி, "மாட்டிகினு கீறதே தெரியலடி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தையலை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நண்பர்கள் இருவரும் மேலிருந்து பன்றியை விரட்டிக்கொண்டு வர ஏறிப் போனார்கள். நாங்கள் வலையைக் கட்டிவிட்டுப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று பாய்ந்து வந்து வலையில் விழுந்து புரண்டது. அவர் எழுந்து ஓடித் தடியால் ஓங்கி அடித்தார். எழுந்த சத்தம் பன்றியுடையது அல்ல. நாய்.

அவர் தடியைப் போட்டுவிட்டு வலையைக் கத்தியால் அறுத்தார். அதற்குள் ஆடு மேய்க்கும் ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். நாய் அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பாவிங்க வலை கட்டுனாங்களோ! நல்ல வேள, நீங்க வந்தீங்கண்ணா" என்றாள், தெலுங்கு கலந்த தமிழில்.

"இந்தப் பக்கமா வந்தோம்மா. கத்திச்சி, ஓடியாந்தோம்" என்றார் என் கணவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க நடந்து வந்த சத்தமே கேக்கலக்கா. சாமியாட்டம் வந்தீங்க." மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கக் கூசியது.

நாயின் பின்னங்கால் ஒடிந்து தொங்கியது. பூதிகோட்டை கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போகவேண்டும். அவள் கையில் தூக்கியபோது கால் ஆடி, வலியில் கடிக்க வந்தது. அதை அசையாமல் கொண்டுபோக அங்கே ஒன்றுதான் இருந்தது. நான் புதருக்குப் பின்னால் போய்ப் பையை எடுத்தேன். வேண்டாம் என்று என் கணவர் கண்ணைக் காட்டினார். நான் நாடாவை அவிழ்த்துப் பையைக் கவிழ்த்தேன். மிச்சமிருந்த முளைகள் பாறைமேல் சிதறின. கூடவே இன்னொரு சுருள் வலையும் விழுந்தது.

அவள் முளைகளைப் பார்த்தாள். தரையில் கிடந்த தடியைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நாங்கதாம்மா" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருவருமாக நாயைப் பைக்குள் இறக்கினோம். நான் சுமக்கிறேன் என்றதற்கு, "தொடாதீங்க" என்று தானே தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் பெல்ட்டைப் பூட்ட அவளுக்குத் தெரியவில்லை. அவள் இடுப்பைச் சுற்றி நான்தான் பூட்டிவிட்டேன். முடியும்வரை அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே போனேன். "வராதீங்க" என்றாள். நின்றுவிட்டேன்.

"இன்னாத்துக்குடி எடுத்த?" என்று என் கணவர் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

சில வாரம் கழித்து நான் மட்டும் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நாய் மூன்று காலில் எழுந்து வந்து என் சேலையை மோந்தது. அதற்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவள் வாசலிலேயே நின்று பேசினாள்.

"அண்ணா இன்னும் வேட்டைக்குப் போறாரா?"

"போறாரு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு நாயை உள்ளே கூப்பிட்டாள். பையை நான் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தேன்.