கடைசி ஆட்டத்தில் யார் உடுப்பு மாற்றுவது

1. சித்திரை மாதம் என் மச்சாளுக்குக் கலியாணம் முற்றாகி, நாளும் குறித்தார்கள்.
2. வரவேற்பு மண்டபத்துக்குள் மணமக்கள் ஆடிக்கொண்டு நுழைவதற்கு, ஒரு பழைய பள்ளிக்கூட மியூசிக்கலின் கடைசிக் காட்சியை எடுக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார்.
3. மச்சாள் யோசிக்காமல் ஓம் என்றாள்.
4. உலகத்தில் எனக்குப் பிடிக்காத முடிவு அதுதான் என்று நான் அவளுக்கு போனில் சொன்னேன்.
5. முழுக் கதையிலும் நல்ல இடமே அதுதான் என்றாள் அவள். கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம்.
6. அன்றிலிருந்து நான் மாப்பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கினேன்.

நான் மென்பொருள் சோதிக்கிற வேலை செய்கிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. ஆகவே ஆறாவது விஷயத்தில் பெரிய அதிசயம் இல்லை. நான்காவதை விளக்க வேண்டும்.

இங்கே படித்தவர்களில் அந்த மியூசிக்கலைத் தெரியாதவர்கள் குறைவு. ஒவ்வொரு உயர்பள்ளியும் சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மேடையேற்றும்; படமாகவும் வந்தது. எங்கள் அப்பா அம்மா பிறக்க முந்திய காலத்துப் பள்ளிக்கூடம், அந்தக் காலத்து உடுப்பு, கார், தலையலங்காரம். ஒரு அடக்கமான பெண், ஒரு அடங்காத பெடியன். கோடை விடுமுறையில் சந்திக்கிறார்கள், வகுப்பு தொடங்கியதும் அவன் தன் கூட்டாளிகள் முன்னால் அவளைத் தெரியாதவன் மாதிரி நடக்கிறான். கடைசியில் அவள் தன் உடுப்பையும் நடையையும் குரலையும் மாற்றிக்கொண்டு வருகிறாள். உடனே அவனுக்கு அவளைப் பிடித்துவிடுகிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். அந்தக் காலத்தில் வாழாதவர்களுக்குக்கூட அந்தக் காலத்தை நினைத்து ஏக்கம் வரும். பாட்டுகள் அப்படி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அது போட்டபோது நான் மேடைக்கு லைட் போட்டேன். மண்டபத்தின் பின்பக்கம் உயரத்தில் ஒரு சின்ன அறை. அந்தப் பெண் மாறி வருகிற இடத்தில் மேடை முழுவதும் சிவப்பாக வேண்டும், அது என் கையில் இருந்தது. ஒத்திகையிலும் மேடையிலும் நான் சிவப்பைப் போட்டவுடன் சனம் எழும்பி விசிலடிக்கும். கதை முழுக்க அவள் பாடிய எதற்கும் அப்படி ஒருவரும் எழும்பவில்லை. மேலே இருந்து பார்த்தபோது எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

வேலை செய்கிற இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையை எடுத்தேன். ஒருத்தி, அந்த மியூசிக்கலைப் பள்ளிக்கூடங்களில் தடை செய்ய வேண்டும் என்றாள். இன்னொருவர், அவனும் கடைசியில் திருந்தி, கொஞ்சம் மாறுகிறான்தானே, கணக்குச் சரி என்றார். அம்மாவிடம் கேட்டேன். "பாட்டு நல்லம். மிச்சத்தை ஏன் நோண்டுறாய்?" என்றார்.

மச்சாள் போனில் சொன்னதுதான் எனக்குத் தலையிடி. "அவள் எங்கயடி மாறினவள்? அவள் கடைசி வரைக்கும் அப்பிடியேதான் இருக்கிறாள். அதுதானே அந்தக் கதையின்ரை வடிவே."

கண்முன்னால் நடப்பது கண்ணில் படாத அளவுக்கு ஒருத்தி போய்விட்டாள் என்றால், யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த யாரோ மாப்பிள்ளைதான் என்று நான் எடுத்தேன்.

மாப்பிள்ளை வீடு விற்கிறவர். யூனியன்வில்லில் அவருடைய சிரித்த முகம் பஸ் தரிப்பு வாங்குகளில் விளம்பரமாக இருக்கிறது. முறைக்கு எனக்கு அண்ணா. நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். அவரிடம் வீடு விற்கக் கொடுக்கிற தமிழ்ச் சனத்துக்கு அவர் முதலில் சொல்கிற விஷயம், சாமிப்படங்களைக் கழற்றி அடுக்கி வையுங்கோ, வீடு போகும் வரைக்கும் மீன் பொரிக்காதேங்கோ என்பது. மஞ்சள் சுவருக்குச் சாம்பல் நிறம் அடிப்பார். வாடகைக்கு ஒரு வெள்ளைச் சோபா வரும். வீட்டுக்காரருக்கே தங்கள் வீடு அடையாளம் தெரியாது. இதை அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி பெருமையாகச் சொன்னார். "ஆக்கள் உள்ளுக்கு வந்து தங்களைக் காணவேணும், அன்ரி. உங்களைக் காணக்கூடாது." அம்மா தலையாட்டிச் சிரித்தார். நான் மச்சாளைப் பார்த்தேன்.

அவள் கண்ணாடி போடுவதை விட்டிருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து போட்டவள், இப்போது லென்ஸ். தன் அம்மாவோடு, அதாவது என் மாமியோடு, மாப்பிள்ளை முன்னால் ஆங்கிலத்தில் கதைத்தாள். கொத்து ரொட்டிக்குக் காரைத் திருப்பு என்று என்னைக் கரைச்சல்படுத்துகிறவள், இப்போது சலாட் என்கிறாள். தனித்தனியே எடுத்தால் ஒன்றுமில்லை. நான் தனித்தனியே எடுக்கவில்லை.

ஒத்திகை மாமி வீட்டுக் கராஜில். ரூஜ் ஆற்றுப் பக்கம் உள்ள அந்த வீட்டில் காரை வெளியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் தெரு முழுக்க எங்களைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மச்சாளின் சிநேகிதிகள் சிலர் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மறுபக்கம். நான் பின் வரிசையில்.

பாட்டின் நடுவில் ஒரு இடைவெளி வரும். அதில்தான் மாற்றம் நடக்க வேண்டும். அந்த இடம் வந்தது. மச்சாள் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். மாப்பிள்ளையும் நின்றார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

"போமன்," என்றார் அவர்.

"எங்க?"

"உள்ளுக்கு. மாத்திக்கொண்டு வரவேணும் எல்லோ."

"நானோ? நீங்கள்தானே மாறுறது!"

"நான் என்னத்துக்கு மாறுறன்?"

"கடைசியில அவன்தானே புத்தகமும் கையுமா வாறவன். தலையெல்லாம் வடிவா இழுத்து. அவளைக் கண்டு கும்பிடாத குறையா நிப்பான். அதோட முடியுது."

"அதுக்குப் பிறகுதான் அவள் வாறாள்."

"எந்த அவள்?"

கூட்டாளிகளில் ஒருவர், "மச்சான், கலியாணம் முடியமுதலே உனக்கு வேற ஆளோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"படத்தைப் பாக்கேல்லையோ நீ?" என்று கேட்டேன்.

"மேடையில இல்லை, படம் எத்தினை தரம்! அம்மா ரீவியில போனதைப் பதிஞ்சு வச்ச வீடியோ கசற். லீவுக்கு ஒவ்வொரு நாளும் பார்த்தனான்."

மாமி அந்த நேரம் ரோல்ஸ் தட்டோடு கராஜ் படியில் நின்றார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை கடைசியில வந்த கோலத்தை நான் ஏன் பதியவேணும்? சின்னப் பிள்ளையள் பாக்கிற கசற். அவன் திருந்தி வந்தவன், காணும் எண்டு நிப்பாட்டிப்போட்டன். முதலும் ரெண்டு இடத்தில கொஞ்சிறாங்கள், அதையும் நிப்பாட்டித்தான் எடுத்தனான். ரோல்ஸ் ஆறுது, எடுங்கோ."

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு தாய் ரிமோட்டோடு இருந்தார். எங்கள் அம்மா கொஞ்சுகிற இடம் வந்தால் வேகமாக ஓட்டி விடுவார். மாமி பதியும்போதே வெட்டியிருக்கிறார். ஆகவே இருபது வயது தாண்டிய ஒருத்தி, ஒரு பெண் தன்னை மாற்றாமலே வெல்கிற கதை என்று நம்பி அந்தக் கதையை நேசித்திருக்கிறாள். அவள் கண்ணை யாரும் கட்டவில்லை. அப்படி ஒரு காட்சியே அவளுக்கு இருக்கவில்லை.

என் சந்தேகத்தில் ஒரு தூண் அந்த இடத்தில் விழுந்தது. அதற்குள் மச்சாள் அவரிடம் கேட்டாள்.

"அப்ப, என்னை அப்பிடி மாறி வரச்சொல்லித்தான் கேட்டனீங்களோ?"

"பாட்டுக்காகக் கேட்டனான். வேற ஒண்டும் இல்லை." கெதியாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் இதுக்கு லைட் போட்டனீங்கள் எண்டு உங்கட அம்மா சொன்னவ. சொல்லுங்கோ, அது சந்தோசமான முடிவுதானே?"

நான் இவ்வளவு நாளும் சேர்த்து வைத்ததைக் கொட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சாளின் முகத்தில், நீ இப்போது சொல்வதற்காக நான் பிறகு உன்னை மன்னிக்கவேண்டி வரக்கூடாது என்று இருந்தது.

"கடைசியில அவள்தான் மாறுறாள்," என்றேன். "சனம் எழும்பிக் கைதட்டும். மிச்சத்தை அவள் பார்த்துச் சொல்லட்டும்."

அந்தக் காட்சியைப் பார்க்க அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டோம். மாப்பிள்ளை பேப்பர் துவாயை நாலாக மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். வாங்கில் சிரிக்கிற முகம் அன்றைக்கு அங்கே இல்லை. அது எனக்குப் பிடித்தது, ஆனால் பயந்த முகமும் ஒரு முகம்தானே என்றும் நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். நான் எதிர்பார்க்காதது.

"உடுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எனக்குப் பிடிச்சிருக்கு."

மாமி, "எடியே!" என்றார்.

"பிடிச்சிருக்கு அம்மா, என்ன செய்ய? ஆனா அதை நான் போடுறதெண்டால், நான் எல்லோ யோசிச்சிருக்கவேணும்." அவர் பக்கம் திரும்பினாள். "அம்மான்ரை கசற்றில முடிஞ்ச மாதிரி முடிப்பம். நீங்கள் புத்தகத்தோட வாங்கோ. நான் இப்பிடியே நிப்பன்."

"சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவர் கூட்டாளிகளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "சரி," என்றார். இந்த முறை கெதியாகச் சொல்லவில்லை.

பிறகு நான் காருக்குப் போகும்போது மச்சாள் கூடவே வந்தாள். லென்ஸைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடியில் மாலை முட்டும், அதற்குத்தான் பழகுகிறேன் என்றாள். ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டேன். "அவர் முன்னால அம்மாவோட தமிழில கதைச்சால் அம்மா சண்டை தொடங்கிப்போடுவா, இங்கிலீசில அவவுக்குச் சண்டை பிடிக்க வராது," என்றாள். சலாட் என்றதும் என் கார்க் கதவைத் திறந்துவிட்டாள். "நீ அவரை நோண்டுறது எனக்குத் தெரியும். நோண்டு. ஆனா எனக்கு முன்னால அவரைக் கேள். எனக்குப் பின்னால வேண்டாம்."

சரி என்றேன்.

கலியாணம் ஆவணியில். ஆட்டத்துக்கு அவர் புத்தகத்தோடு வருகிறார், அவள் மாறவில்லை, நான் பின் வரிசையில் ஆடுகிறேன். மச்சாளும் நானும் முந்தி மாதிரிக் கதைக்கிறோம். மாப்பிள்ளையை நான் இன்னும் நம்பவில்லை. நம்பாமல் இருக்க என்னிடம் ஆதாரமும் இல்லை. இது இரண்டும் அவளுக்குத் தெரியும்.