பூஜையும் பின்தங்கிய சர்வரும்

சர்வர் அறையில் சாம்பிராணிப் புகையை முகர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்? நான் முகர்ந்திருக்கிறேன்... ஏசி குளிரில் அந்தப் புகை லேசில் கலையாது.

அப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் நான்தான். பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க் சில நாட்களாகவே கரகரவென்று சத்தம் போட்டது. எந்த நேரமும் படுத்துவிடும். அதனால் அவிநாசி கிளையில் புது சர்வர் வைத்து, இங்கே பதிவாகும் ஒவ்வொரு ரிசல்ட்டும் அங்கே நகலாகும்படி செய்திருந்தோம். அந்த நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று என் ஸ்கிரீனில் ஓர் எண் ஓடும். அது ஸீரோ ஆனதும் புதியதற்கு மாற வேண்டும். முன்னாலேயே மாறினால் நடுவில் இருக்கும் ரிசல்ட்டுகள் அம்போ!

முதலாளி அண்ணா நல்ல நேரம் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால். புதுசு அவிநாசியில் இருப்பதால், பூஜை இங்கே பழைய சர்வருக்குத்தான். மாலை, பொட்டு, தேங்காய், பழம்...

அதுவரை ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த எண், பூஜை ஆரம்பித்ததும் ஏற ஆரம்பித்தது.

"என்னங்க அம்மணி, மாத்திப்போடலாமுங்களா? ராகு காலம் வந்துருமுங்க" என்றார் அண்ணா.

"இன்னும் கொஞ்சம் பொறுங்ணா..."

சர்வர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். காலையில் அந்தக் குழந்தைக்கு நரம்பே கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கிடைத்த கொஞ்சம் ரத்தம் டெஸ்ட்டுக்கே சரியாகப் போய்விட்டது. எங்கள் லேப் டாக்டர் பார்த்து ஓகே சொல்லாமல் பிரிண்ட் வராது, டாக்டரோ பூஜையில். அந்த ரிசல்ட் இன்னும் அவிநாசி போய்ச் சேரவில்லை. டிஸ்க் படுத்தாலும் போச்சு, நான் அவசரப்பட்டாலும் போச்சு. மறுபடி ஊசி... நினைக்கவே முடியவில்லை.

யார் இன்டர்நெட் லைனை இப்படி இழுக்கிறார்கள் என்று நெட்வொர்க் டிராஃபிக்கைத் திறந்தேன். பார்த்தால் எங்கள் ஆட்களேதான்! ஆபீஸ் வைஃபையில் ஆளாளுக்கு ஃபோனைத் தூக்கிப் பிடித்து, பூஜையைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் லைவாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் லேப்டாப்பில் அமெரிக்காவிலிருக்கும் அவர் மகள். ரிசல்ட் போக லைனில் இடமே இல்லை.

"ஏனுங்ணா... வீடியோவயெல்லாம் கட் பண்ணச் சொல்லோணுமுங்க. உங்களுதையுந்தான்."

"புள்ள பாத்துட்டிருக்குதுங்களே அம்மணி!"

"அந்தக் கொழந்தையோட ரிசல்ட்டு போகமாட்டேங்குதுங்ணா."

கண்ணாடி வழியாகப் பார்த்தார். "வெச்சுர்றேன் கண்ணு, அப்பறம் கூப்புடறேன்" என்று மகளிடம் சொல்லி லேப்டாப்பை மூடினார். மற்றவர்களுக்கு ஓர் அதட்டல்.

எண் இறங்கியது. ஆனால் மெதுவாக... ஸீரோ வந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. தயங்கி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ராகுவா வந்து ரத்தம் குடுத்தாரு? மாத்திப்போடுங்க அம்மணி!"

மாற்றினேன். பழைய டிஸ்க் அன்று சாயங்காலமே நின்றுபோனது.

இப்போது வீட்டிலிருந்தே வேலை. எங்கோ இருக்கும் கம்பெனிகள், எங்கோ இருக்கும் சர்வர்கள். நகல் பின்தங்கினால் ஃபோனே கத்திவிடுகிறது. லைனும் தாராளம். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது... யாருக்காகப் பயப்படுகிறேன் என்றுதான் தெரிவதில்லை.