பேஸ் நோட்டுக்குக் கோடு போட்ட யூசுப் பாய்

யூசுப் பாய் போய்விட்டார். காலையில் புதுவாயலில் இருந்து போன் வந்தது...

ரெக்கார்டிங் ஸ்டூடியோ யூசுப் பாய். புதுவாயல் செல்போன் கடை மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஒரே ரூம், ஒரே கம்ப்யூட்டர்.

2006இல் எங்கள் அம்மன் பாட்டு சிடி அங்கேதான் பதிவானது. நான் பாட்டு. என் வீட்டுக்காரர் பேஸ் கிட்டார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து வாசித்தார்.

அவர் வாசித்த நோட்டெல்லாம், அதாவது ஒவ்வொரு ஸ்வரமும், ஸ்கிரீனில் மேடு மேடாகத் தெரிந்தது. பாய் அதன்மேல் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு நோட்டு முடிகிற இடத்திலும் கோட்டைக் கீழே இழுத்தார். "அண்ணன் வாசிச்சத பேடு பண்ணிக்கினு இருக்கேன்க்கா."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. பேடு. அதாவது மோசம்.

"இன்னா பாய், எங்க ஊட்டுக்காரர் வாசிச்சது பேடா? அந்த அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும்." கேட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன்.

அது ஃபேடு, சத்தத்தை மெதுவாக அடக்குவது, இல்லாவிட்டால் நோட்டு டக்கென்று அறுந்த மாதிரி இருக்கும் என்று பஸ்ஸில் இவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. நீங்களும் அவர் கட்சியா என்றேன்.

மூன்று வருஷம் பாயோடு பேசவில்லை. ரம்ஜானுக்கு அனுப்பிய பிரியாணியைக்கூட எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்...

அப்புறம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். காரியம் முடிந்த வாரம் அந்த மாடிப்படி ஏறினேன். பாய் சேரை இழுத்துப் போட்டார், அந்தப் பாட்டைத் திறந்தார்.

கடைசி நோட்டு சீக்கிரம் அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் பாய் என்றேன்.

சரிந்திருந்த கோட்டைப் பிடித்து மேலே தூக்கினார். நோட்டு நீண்டது... மெலிந்தது... ஃபேன் சத்தம்... அதற்குப் பிறகு இவர் குரல்.

"போதுமா பாய்?"

அன்றைக்கு வாசித்து முடித்துக் கேட்டது. மைக்கில் விழுந்து, கோட்டுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூக்கிய கோட்டை அப்படியே விட்டு எனக்கென்று ஒரு சிடி போட்டுக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வீம்பு.

பழவேற்காட்டில் இருக்கும் பாய் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். பொன்னேரியில் பழவேற்காடு பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

தப்பு எம்மேலதான் பாய். நல்லபடியா போங்க.